பெயின்ட் டப்பா மல்லி

வானொலி நேயர்களுக்கு வணக்கம். கோடைப் பூக்களைப் பற்றிப் பேச வடசென்னையிலிருந்தா ஆள் கூப்பிட்டார்கள் என்று சிலர் நினைக்கலாம். "உங்க பக்கம் ஏது தோட்டம், கன்டெய்னர் லாரிதானே ஓடுது" என்று என் சொந்தக்காரர்களே கேட்பார்கள். பங்குனி மாதம் சாயங்காலத்தில் தண்டையார்பேட்டையிலோ பழைய வண்ணாரப்பேட்டையிலோ ஏதாவது ஒரு சந்துக்குள் நடந்து பாருங்கள். வாசல்படி ஓரமாக ஒரு பெயின்ட் டப்பா இருக்கும், அதில் குண்டுமல்லி. அடுத்த வீட்டில் காது உடைந்த பிளாஸ்டிக் வாளி, அதில் செம்பருத்தி. மதில் எழுப்ப இடமில்லாததால் செடியெல்லாம் தெருவில்தான் நிற்கும். போகிறவர் வருகிறவர் எல்லோரும் அதைப் பார்த்துக்கொள்வார்கள், அதட்டவும் செய்வார்கள்.

மல்லியைப் பற்றி நான் எங்கே போனாலும் சொல்வது ஒன்றுதான்: கத்தரியை எடுங்கள். செடி புதர் மாதிரி வளர்ந்திருக்கிறது, பூ மட்டும் இல்லை என்று புலம்புகிறவர்கள் நிறையப் பேர். குண்டுமல்லி புதுக்கிளையின் நுனியில்தான் மொக்கு வைக்கும். கார்த்திகையில் முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டால், தை, மாசியில் துளிர்த்து, பங்குனியில் பூக்கும். ஆனால் வெட்டச் சொன்னால் மனசு வருமா?

எங்கள் சந்தில் ஒரு பெரியம்மா இருந்தார். அவர் வீட்டு மல்லிக்கு நல்ல வெயில், நல்ல மண், எல்லாம் இருந்தது. வருஷத்துக்கு நாலு பூதான் பூக்கும். நான் கத்தரியோடு போய் நின்றால், "பச்சைச் செடியில கத்தரி வைக்கிறியே, நீயெல்லாம் பொம்பளையா" என்பார். சரி என்று திரும்பி வந்துவிடுவேன். ஒரு மார்கழியில், விடியற்காலையில் அவர் கோலப்பொடி எடுக்க உள்ளே போன நேரம், அடுத்த சந்து ஆடு வந்து மேய்ந்துவிட்டது. இலை, இளங்கிளை, எல்லாம் போச்சு, குச்சிதான் மிச்சம். பெரியம்மா போட்ட கூச்சலில் தெருவே எழுந்துவிட்டது. ஆட்டுக்காரரை நிற்க வைத்து ஒரு பஞ்சாயத்து. அவரோ, ஆட்டைக் கட்டிப்போட எனக்கு மட்டும் இடம் எங்கே இருக்கிறது என்று எதிர்க்கேள்வி போட்டார், அதுவும் நியாயம்தான். பெரியம்மா அந்தக் குச்சிக்குத் தினமும் அரிசி கழுவிய தண்ணீர் ஊற்றினார். பங்குனியில் பார்த்தால், அந்த டப்பாவில் கிளைக்குக் கிளை மொக்கு! முதல் பூவை அம்மன் கோயிலுக்குக் கொடுத்தார். அப்புறம் எதிர்வீட்டுக்கு, எனக்கு, ஆட்டுக்காரர் பெண்ணுக்கும் ஒரு முழம். அடுத்த கார்த்திகையில் அவரே வந்து, "ஏம்மா, அந்தக் கத்தரி இருக்கா" என்று கேட்டார். நான் பல வருஷமாகச் சொல்லி நடக்காததை ஆடு ஒரே காலையில் நடத்திவிட்டது. அதனால்தான் திரும்பவும் சொல்கிறேன், ஆடு வரும்வரை காத்திருக்காதீர்கள்.

அடுத்தது தண்ணீர். எங்கள் பக்கம் கடல் ஒட்டியே இருப்பதால் பல வீடுகளில் போர் தண்ணீர் உப்பு. மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடி நீரில் கடல் நீர் ஏறியது பழைய கதை. உப்புத் தண்ணீரையே ஊற்றினால் இலையின் ஓரம் தீய்ந்த மாதிரி கருகும். நாம் வெயில் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் ஊற்றுவோம். தண்ணீர் சுத்தப்படுத்தும் மெஷினிலிருந்து வெளியேறும் கழிவு நீரையும் மிச்சம் பிடித்து ஊற்றாதீர்கள், உப்பெல்லாம் அதில்தான் சேர்ந்து வரும். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் தாராளமாக ஊற்றலாம். டப்பாவின் அடியில் ஓட்டை போட்டீர்களா? போடாவிட்டால் வேர் அழுகும்.

மல்லி மொக்கு விரிவது விளக்கு வைக்கிற நேரத்தில். எங்கள் தெரு வாசலுக்கு வருவதும் அந்த நேரத்தில்தான். கரன்ட் போனால் இன்னும் விசேஷம். பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பது முதல் சீட்டுப் பணம் வரை எல்லாம் படிக்கட்டில்தான் பேசி முடியும். பூ தொடுக்கும் கை மட்டும் நிற்காது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கும் தம்பி இரண்டு விரல் காட்டுகிறார். ரயில்வே குடியிருப்புகளின் சரக்கொன்றையை நான் தொடவே இல்லை. திருவொற்றியூர் மகிழமரத்துக்கு ஒரு முழுப்பக்கம் எழுதி வந்திருந்தேன். சுந்தரர் சங்கிலியாருக்குச் சத்தியம் செய்து கொடுத்த மரம் அது. கூப்பிட்டால் இன்னொரு நாள் வந்து சொல்கிறேன்.

வேப்பம்பூவை மட்டும் சொல்லிவிடுகிறேன், சித்திரைப் பிறப்புக்கு வேண்டுமே. ராத்திரியே மரத்தடியில் பழைய புடவையை விரித்துவையுங்கள், காலையில் காக்கை வருவதற்குமுன் எடுத்துவிடுங்கள். காம்பு, தூசி போகப் புடைத்து, நன்றாகக் காயவைத்து டப்பாவில் போட்டால் வருஷம் முழுக்க ரசத்துக்கு ஆகும். நெய்யில் கருக வறுத்து, கடைசியில்தான் ரசத்தில் போட வேண்டும். சரி, தம்பி இப்போது ஒரு விரலையும் மடக்கிவிட்டார். வணக்கம்.