தூக்குக் கயிறு பிடித்தவரே என் சாட்சி

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

மரண தண்டனை வேண்டும், உயிர்ப்பயம் இருந்தால்தான் கொலைகாரன் கை நடுங்கும் என்றார் எதிரணி நண்பர். அப்புறம், பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு வேறு என்ன நியாயம் தரப் போகிறீர்கள் என்று கேட்டார். அப்போது எனக்கும் தொண்டை அடைத்தது. அந்தத் தாயிடம் வருகிறேன். முதலில் பயத்தைப் பார்ப்போம்.

ஒரு சாட்சியைக் கூப்பிடுகிறேன், நடுவர் அவர்களே. ஆல்பர்ட் பியர்பாயின்ட். பிரிட்டனில் நூற்றுக்கணக்கானவர்களைத் தூக்கிலிட்டவர். அவர் ஒரு மதுக்கூடமும் நடத்தினார். அங்கே வாடிக்கையாக வந்த ஒருவரும் அவரும் சேர்ந்து பாடுவார்கள். பியர்பாயின்ட் அந்த நண்பரை டிஷ் என்பார், நண்பர் பியர்பாயின்ட்டை டாஷ் என்பார். 1950-ல் ஒரு நாள் இரவு பாடிவிட்டுப் போன அந்த டிஷ், பொறாமையில் தன் காதலியைக் கொன்றுவிட்டார். தூக்கு என்றால் என்னவென்று அவருக்கு யார் சொல்லித்தர வேண்டும்? தூக்குப் போடுகிறவரின் தோளோடு தோள் நின்று பாடியவர் ஆயிற்றே! அதே ஆண்டு நவம்பரில், தூக்கிலிடும் முன் தன் கைகளைக் கட்ட அறைக்குள் வந்த பியர்பாயின்ட்டை டாஷ் என்றுதான் கூப்பிட்டார். இவரும் டிஷ் என்றே பதில் சொன்னார்.

தான் நிறைவேற்றிய தண்டனைகளில் ஒன்றுகூட ஒரு கொலையையும் தடுக்கவில்லை என்று பியர்பாயின்ட்டே பின்னாளில் எழுதினார். ஆத்திரத்தில் கத்தியை எடுப்பவன் சட்டப் புத்தகத்தைப் புரட்டுவதில்லை. திட்டம் போட்டுக் கொல்பவனோ, மாட்டவே மாட்டோம் என்று நம்புகிறான். அவனை நிறுத்துவது மாட்டிக்கொள்வோம் என்ற உறுதி மட்டும்தான். அமெரிக்காவின் தேசிய ஆய்வுக் குழுவும் அதுவரை வந்த ஆய்வுகளை அலசிவிட்டு, மரண தண்டனை கொலையைக் குறைக்கிறதா என்று சொல்ல அவற்றுக்குத் தகுதியே இல்லை என 2012-ல் அறிவித்தது.

சரி, ஆளே மாறிப்போனால்?

1950 மார்ச்சில் இதே பியர்பாயின்ட் திமோதி எவன்ஸ் என்ற 25 வயது இளைஞரைத் தூக்கிலிட்டார். அவருடைய மனைவியும் கைக்குழந்தையும் கொல்லப்பட்டிருந்தார்கள்; குழந்தையைக் கொன்றது அவர்தான் என்று குற்றச்சாட்டு. அரசுத் தரப்புச் சாட்சிகளில் முக்கியமானவர் அதே கட்டடத்தில் கீழ்த்தளத்தில் குடியிருந்த கிறிஸ்டி. எவன்ஸ் போனார், வழக்கு முடிந்தது. ஆனால் 1953-ல் கிறிஸ்டியின் வீட்டிலிருந்து பெண்களின் சடலங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. எவன்ஸ் செத்த பிறகு மட்டும் நான்கு பெண்களைக் கொன்றிருக்கிறார்! தன் கண்ணெதிரே ஒருவன் தூக்குக்குப் போனதைப் பார்த்த அந்த ஆளுக்கு எங்கே போனது பயம்? அவரையும் அதே பியர்பாயின்ட்தான் தூக்கிலிட்டார்.

ஜப்பானில் 1968-ல் மரண தண்டனை பெற்ற இவாவோ ஹகமாடா, நிரபராதி என்று 2024-ல் தீர்ப்பு வந்தபோது அவருக்கு 88 வயது. ஆனாலும் தீர்ப்பைக் கேட்க உயிரோடு இருந்தார்.

இப்போது அந்தத் தாயிடம் வருகிறேன். அவருக்கு உண்மையான குற்றவாளி வேண்டும். அவன் வெளியே நடமாடக் கூடாது. வழக்கு சீக்கிரம் முடிய வேண்டும். இவை எல்லாம் ஆயுள் தண்டனையிலும் கிடைக்கும், நண்பரே.

எவன்ஸுக்கும் ஒரு தாய் இருந்தார். சிறைக்குப் பார்க்க வந்தவரிடம், நான் செய்யவில்லை அம்மா, கிறிஸ்டிதான் செய்தான் என்று மகன் சொன்னான். பேத்தியையும் மருமகளையும் பறிகொடுத்த அந்தத் தாயிடமிருந்து மகனையும் அரசே பறித்துக்கொண்டது. 1965-ல் சிறை வளாகத்தில் புதைத்த உடலைத் தோண்டி எடுத்து, வேறு கல்லறையில் அடக்கம் செய்தார்கள். 1966-ல் மன்னிப்பு ஆணை வந்தது. அந்தக் காகிதத்தை எந்தக் கையில் கொடுப்பது, நடுவர் அவர்களே?