குதிரை வாலும் சவுண்டல் இலையும்

(பால் உற்பத்தியாளர் சங்க ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாவுக்குத் தலைமை தாங்கும் சங்கத் தலைவர் அவர்களே, முன்னாள் தலைவர் அவர்களே, ஊராட்சி மன்றத் தலைவர் அம்மா அவர்களே, இந்த வெயிலில் ஸ்கூட்டரிலேயே வந்து சேர்ந்திருக்கும் கால்நடை மருத்துவர் அம்மா அவர்களே, விடிகாலை நாலு மணிக்குப் பால் கேனோடு நிற்கும் தாய்மார்களே, பந்தல் போட்ட தம்பிகளே, எல்லோருக்கும் வணக்கம். போன வருடம் முன்னாள் தலைவர் பெயரை விட்டுவிட்டேன். எட்டு மாதம் என்னோடு பேசவில்லை. அதனால்தான் இந்த முறை இரண்டாவதாகவே சொல்லிவிட்டேன். சால்வைக்கு நன்றி.

மாட்டின் வயிறு, தீவனம், தாது உப்பு என்று மூன்று விஷயம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். என் அப்பத்தா இதை ஒரே வரியில் முடித்துவிடும்: “அடி காட்டுக்கு, நடு மாட்டுக்கு, நுனி வீட்டுக்கு.” நெல்லின் தாள் மண்ணுக்கு, வைக்கோல் மாட்டுக்கு, கதிர் நமக்கு.

அந்த ‘நடு’ மாட்டுக்குள் போய் என்ன ஆகிறது? வளர்ந்த பசுவின் முதல் வயிறு நூறு லிட்டருக்கு மேல் பிடிக்கும். நம் நாற்பது லிட்டர் பால் கேனில் இரண்டரை கேன்! ரூமென் என்பார்கள். அதற்குள் கோடானுகோடி நுண்ணுயிர்கள். வைக்கோலின் நாரை உடைக்கப் பசுவுக்குத் தெரியாது, அவைதான் உடைக்கின்றன. நாம் அவற்றுக்குத் தீனி போட, அவை மாட்டுக்குச் சோறு போடுகின்றன.

இங்கே ஒரு கதை சொல்ல வேண்டும். நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் தெருவில் ஒரு ஜட்கா வண்டிக்காரர் இருந்தார். குதிரைக்குக் கொள்ளு வாங்கக் காசில்லாத மாதம், வேலியோரம் தழைத்துக் கிடந்த சவுண்டலை, அதுதான் சூபாபுல் மரத்தை, ஒடித்து ஒடித்துப் போட்டார். குதிரையும் ருசித்துத் தின்றது. கொஞ்ச நாளில் வால் முடி கொத்துக் கொத்தாகக் கொட்ட ஆரம்பித்தது. அப்புறம் பிடரியும் போயிற்று. கடைசியில் துடைப்பக்கட்டையில் நாலு ஈர்க்கு மிஞ்சின மாதிரி ஒரு வால்! கண் பட்டுவிட்டது என்று மிளகாய் சுற்றிப் போட்டார்கள். எலுமிச்சம்பழம் கட்டினார்கள். முடி எப்படி வரும்? குதிரைதான் தினமும் சவுண்டல் தின்கிறதே! கல்யாண வீட்டுக்கு அந்த வண்டியை யாரும் கூப்பிடவில்லை. அவர் சவுரிமுடி வாங்கி வாலில் கட்டி ஓட்டினார். சந்தைத் தெருவில் ஒரு மாடு அதை இழுத்துவிட்டது. பார்த்தவர்கள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. பாவம் மனுஷன்.

காரணம் சவுண்டலில் உள்ள மைமோசின் என்ற நஞ்சு. மாட்டின் வயிற்றில் அது வேறொன்றாக மாறிக் கழுத்துத் தைராய்டு சுரப்பியை வீங்க வைக்கும். ஆஸ்திரேலியாவில் சவுண்டல் மேய்ந்த மாடுகள் இப்படித்தான் மெலிந்தன. ஆனால் ஹவாய்த் தீவு ஆடுகள் அதே தழையைத் தின்று தெம்பாக நின்றன. ரேமண்ட் ஜோன்ஸ் என்ற ஆய்வாளருக்கு அது உறுத்தியது. அவர் மாட்டு டாக்டர் அல்ல, மேய்ச்சல் பயிர் பார்க்கிறவர். ஆட்டின் வயிற்றில் இருக்கும் ஏதோ ஒரு நுண்ணுயிர்தான் நஞ்சை முறிக்கிறது என்று ஊகித்து, ஹவாய் ஆடுகளின் நுண்ணுயிர்களை ஆஸ்திரேலிய மாடுகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். பலித்தது. மெகாரிட்டி என்பவரோடு சேர்ந்து எழுதிய அந்த ஆய்வு 1986இல் ஆஸ்திரேலியக் கால்நடை மருத்துவ இதழில் வந்தது. பிறகு 1992இல் அந்த நுண்ணுயிருக்கு சினெர்ஜிஸ்டஸ் ஜோன்சியை என்று அவர் பெயரையே வைத்தார்கள்.

அதற்காக நாளைக்கே சவுண்டலை அள்ளிக் கொட்டாதீர்கள். பசுந்தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம்.

இதில் எனக்குப் பிடித்தது வேறு. அந்த நுண்ணுயிரை ஒவ்வொரு மாட்டுக்கும் புகட்ட வேண்டியிருக்கவில்லை. ஒன்றிரண்டுக்குக் கொடுத்தால் போதும், கூடவே மேய்கிற மந்தைக்கு அது தானே பரவிற்று. சேர்ந்து மேய்ந்தால்தானே பரவும்? நம் மாடுகள் எங்கே சேர்ந்து மேய்கின்றன? கொட்டகையில் தனித்தனியாகக் கட்டிக் கிடக்கின்றன. ஊர் நிலக் கணக்கான ‘அ’ பதிவேட்டைப் பிரித்தால் ‘மேய்க்கால் புறம்போக்கு’ என்று, மாடு மேய்வதற்கென்றே விட்ட நம் ஊர்ப் பொது நிலம் இன்னமும் இருக்கிறது. நேரில் போனால் சீமைக் கருவேலமும் குப்பை மேடும். அறுவடை மெஷின் வந்தபின் வைக்கோலில் பாதி வயலிலேயே மிதிபட்டுப் போகிறது. அடி காட்டுக்குப் போய்விட்டது, நுனி வீட்டுக்குப் போய்விட்டது, நடு எங்கே ஐயா?

தலைவர் மணியைப் பார்க்கிறார், சரி. வைக்கோலின் சத்தைக் கூட்ட, நூறு கிலோவுக்கு நாலு கிலோ யூரியாவைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் 21 நாள் மூடி வைக்கும் முறையை விளக்க நேரமில்லை. அளவு கூடினால் மாட்டுக்கு ஆபத்து, டாக்டர் அம்மாவிடம் கேட்டே செய்யுங்கள். தாது உப்பையும் அவர்களே சொல்வார்கள்.

மேய்க்காலை மீட்கக் கேட்டு ஒரு மனு எழுதி வந்திருக்கிறேன். டீ கொடுக்கும் மேஜையில் இருக்கிறது. ஊராட்சித் தலைவர் அம்மா முதல் கையெழுத்துப் போட வேண்டும் என்று இந்த மேடையிலேயே கேட்டுக்கொள்கிறேன். பேனா என்னிடம் இருக்கிறது.