டெனர் பாடகருக்கு ஆசிரியர் எதற்கு?

எல்லோருக்கும் வணக்கம்.

மேடையில் நிலைக்க முடியாதவர்தான் பாட்டு வாத்தியார் ஆகிறார் என்று நம் ஊரில் ஒரு பேச்சு உண்டு. மேற்கத்திய செவ்வியல் இசையில் டெனர்களின், அதாவது உச்ச ஸ்தாயியில் பாடும் ஆண் பாடகர்களின், வாழ்க்கையைப் பார்த்தால் அந்தப் பேச்சு எடுபடாது. பெரிய டெனர்கள் பலர் பாடிக்கொண்டே சொல்லிக்கொடுத்தார்கள், புகழ் வந்த பிறகும் பாடம் கேட்டார்கள். ஏன் என்பதைத்தான் இன்று பேசப்போகிறேன்.

டெனர் யார் என்பதை, சென்னையில் தேவாலயப் பாடகர் குழுவில் பாடியவர்களுக்கு விளக்க வேண்டாம். ஆள் கிடைக்காமல் எப்போதும் திண்டாடும் வரிசை அதுதான்! கர்நாடக இசை கேட்டு வளர்ந்தவர்களுக்கு வேறு மாதிரி சொல்கிறேன். ஒரு கட்டை சுருதியில் பாடும் ஆண் வித்வானின் மத்திய ஸ்தாயி சட்ஜத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு இரண்டு ஸ்தாயி மேலே இருக்கும் சட்ஜம்தான் டெனரின் பேர்பெற்ற 'ஹை சி'. நம் வித்வான் தார ஸ்தாயி பஞ்சமத்தில் நின்றாலே சபா கைதட்டும். டெனர் அதையும் தாண்டிப் போக வேண்டும். அதுவும் மைக் இல்லாமல், முழு ஆர்கெஸ்ட்ராவையும் மீறி.

கத்தினால் அது நடக்காது. ஆர்கெஸ்ட்ராவின் ஒலி பெரும்பாலும் 500 ஹெர்ட்ஸ் பக்கத்தில் குவிந்திருக்கும், மேலே போகப்போக மெலியும். பயிற்சி பெற்ற ஆண் குரலில் 3000 ஹெர்ட்ஸை ஒட்டி ஒரு தனிப் பளபளப்பு எழும். வாத்தியங்கள் அடங்கியிருக்கும் அந்த இடத்தில் குரல் நுழைந்து கடைசி வரிசைக்குப் போய்விடுகிறது. மைக் வருவதற்கு முன் நம் நாடக மேடையில் கிட்டப்பா அவ்வளவு உச்ச சுருதியில் பாடினாரே, கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும் என்ற அதே தேவை அங்கேயும் இருந்தது.

சிக்கல் நடுவில் இருக்கிறது. அதே ஒரு கட்டைக் கணக்கில் தார ஸ்தாயி காந்தாரத்துக்கும் பஞ்சமத்துக்கும் இடைப்பட்ட பகுதி. கீழ்க்குரல் மேல்குரலாக மாறும் இந்த இடத்தை இத்தாலிய ஆசிரியர்கள் 'பசாஜ்ஜோ' என்பார்கள். கீழ்க்குரலை அப்படியே மேலே இழுத்தால் தொண்டை இறுகிக் குரல் உடையும். பயந்து விட்டுக்கொடுத்தால் கள்ளக்குரல் ஆகிவிடும். 'ஆ'வைக் கொஞ்சம் 'ஓ' பக்கம் சாய்த்து, குரல்வளை மேலேறாமல் பார்த்துக்கொண்டு கடக்க வேண்டும். சரி, பழகிக்கொள்ளலாம்தானே என்று தோன்றும். ஆனால் சரியாகக் கடந்தோமா என்பது பாடுகிறவருக்கே தெரியாது. தன் குரல் அவருக்கு மண்டை எலும்பு வழியாகவும் கேட்கிறது. உள்ளே பிரமாதமாக ஒலிப்பது வெளியே மங்கலாக இருக்கலாம். செல்போனில் பதிவான தன் குரலைக் கேட்டு "ஐயோ, இது நானா?" என்று முகம் சுளிக்காதவர் இங்கே யாராவது உண்டா? அதனால்தான் டெனருக்குக் கடைசிவரை இன்னொருவரின் காது தேவைப்படுகிறது.

பாரிஸில் 1837இல் ஜில்பேர் டுப்ரே என்ற டெனர், ரொசினியின் 'வில்லியம் டெல்' ஓபராவில் ஹை சியை முழு நெஞ்சுக்குரலில் பாடினார். அதுவரை அந்த உயரத்தில் மென்குரல்தான் வழக்கம். ஊரே கொண்டாடியது. ரொசினிக்கு மட்டும் பிடிக்கவில்லை, கழுத்தறுபட்ட சேவலின் கூச்சல் என்றார். அந்தப் பாத்திரத்தை முதன்முதலில் பாடிய அடோல்ப் நூரி புதுப் பாணியைக் கற்க இத்தாலிக்குப் போனார். அது கைவரவில்லை, 1839இல் நேப்பிள்ஸில் உயிரை மாய்த்துக்கொண்டார். டுப்ரேயின் குரலும் சீக்கிரமே தேய்ந்தது. 1842இல் பாரிஸ் கன்சர்வேட்டரியில் ஆசிரியரானார்.

எனக்கு அதிகம் பிடித்தது கார்சியா குடும்பம். அப்பா மானுவேல் கார்சியா, 1816இல் ரொசினியின் 'செவில் நகரத்து நாவிதன்' முதலில் அரங்கேறியபோது நாயகனாகப் பாடிய டெனர். நூரிக்கும் அவர்தான் ஆசிரியர். அதே பெயருள்ள மகனுக்கு மேடை ஒத்துவரவில்லை. ஆசிரியராகி, பல் மருத்துவரின் சின்னக் கண்ணாடியையும் சூரிய ஒளியையும் வைத்து, 1854இல் தன் குரல்நாண்கள் அசைவதைத் தானே பார்த்தார். கெட்டுப்போன குரலோடு வந்த பாடகி ஜென்னி லிண்டுக்கு அவர் தந்த முதல் பாடம், பல வாரங்களுக்குப் பாடாமல் இருப்பது. இன்று எந்தப் பெற்றோர் அதற்குப் பீஸ் கட்டுவார்கள்?

புகழ்பெற்ற இத்தாலிய டெனர் பவரோட்டிக்கு அவருடைய ஊரான மொடேனாவில் பாடம் சொன்ன அர்ரிகோ போலாவும் டெனர்தான். பணம் வாங்கவில்லை. பின்னாளில் பவரோட்டியும் நோயோடு இருந்த கடைசி மாதங்கள்வரை மாணவர்களுக்கு இலவசமாகச் சொல்லிக்கொடுத்தார். அதில் அவருக்கும் லாபம் உண்டு என்பது என் எண்ணம். தன் குரலில் கேட்காத இறுக்கம் மாணவனின் குரலில் பளிச்சென்று கேட்கும். அடுத்த நாள் தன் சாதகத்தில் அதைத் தேடலாம்.

சென்னையில் இப்போது கற்க இடங்கள் உண்டு. 2008இல் தொடங்கிய கே.எம். மியூசிக் கன்சர்வேட்டரி இருக்கிறது, லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிரேடு தேர்வுகள் நடக்கின்றன. ஆனால் "இந்த வருஷம் எத்தனை கிரேடு முடிப்பான்?" என்பதே நம் முதல் கேள்வியாக இருக்கிறது. அதற்குப் பதிலாக ஆசிரியரிடம், "நீங்கள் இப்போது எங்கே பாடுகிறீர்கள்? உங்கள் குரலை யார் கேட்டுத் திருத்துகிறார்கள்?" என்று கேளுங்கள். அப்புறம், குரல் உடைந்து இன்னும் நிலைக்காத பையனை டெனர் என்று முத்திரை குத்தாதீர்கள். டெனருக்கு ஒரு படி கீழான பாரிடோன் குரலில் தொடங்கிய பாடகர் டொமிங்கோ டெனராகி உலகப் புகழ் பெற்று, வயதான பிறகு மறுபடி பாரிடோன் பாத்திரங்களுக்குத் திரும்பினார்.

இனி உங்கள் கேள்விகள். பியானோ திறந்துதான் இருக்கிறது, பசாஜ்ஜோ பற்றிக் கேட்பவர்கள் மேலே வாருங்கள், பாடியே பார்த்துவிடலாம்.