கருவிப் பட்டியலுக்கு எத்தனை முறை விலை கொடுப்பது?

[திரை: வெற்றுத் திரையில் ஒரே வரி: "என் ஆர்டர் எங்கே?"]

வாடிக்கையாளர் கேட்டது மூன்றே சொல். அதற்கு விடை தேடும் ஏஐ முகவர் (கருவிகளை அழைத்து வேலையைத் தானே முடிக்கும் மென்பொருள்), மொழி மாதிரிக்கு அனுப்புவதோ பத்தாயிரம் டோக்கன். டோக்கன் என்பது மாதிரி படிக்கும் உரைத் துண்டு; விலையும் அதன் எண்ணிக்கையைப் பொறுத்ததே. இடையில் சேர்ந்துகொண்டவை கருவி விளக்கங்கள். ஆர்டர் நிலையைப் பார்க்கும் கருவி, பணத்தைத் திருப்பித் தரும் கருவி, மின்னஞ்சல் அனுப்பும் கருவி என ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், எப்போது அழைக்க வேண்டும் என்ற விளக்கம், என்னென்ன உள்ளீடு தேவை என்ற பட்டியல். முகவரை வெளிச் சேவைகளோடு இணைப்பதற்கான பொது விதிமுறையான எம்சிபி நெறிமுறை 2024 நவம்பரில் வெளிவந்த பிறகு நான்கைந்து சேவைகளை ஒரே முகவரோடு இணைப்பது எளிதாகிவிட்டது. கூடவே இந்தச் சுமையும் ஏறிவிட்டது.

[திரை: அதே பட்டியல் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கப்படுகிறது]

முகவர் ஒரு கருவியை அழைக்கும், வந்த விடையைப் பார்க்கும், அடுத்ததை அழைக்கும். முந்தைய அழைப்பு மாதிரியின் நினைவில் நிற்காது என்பதால், ஒவ்வொரு சுற்றிலும் பட்டியல் முழுவதும் மறுபடி போக வேண்டும். பத்தாயிரம் டோக்கன் பட்டியல், 20 சுற்று: மொத்தம் 2,00,000 டோக்கன். ஓர் எழுத்துகூட மாறாத உரைக்கு இருபது முறை முழு விலை. சிறிய குழுக்களின் பணம் இங்கே வீணாகிவிடலாம். அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

[திரை: டோக்கன்கள் இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாக ஒளிர்கின்றன]

மாதிரி உரையைப் படிக்கும்போது ஒவ்வொரு டோக்கனுக்கும் 'கீ', 'வேல்யூ' எனப்படும் எண் தொகுதிகளைக் கணக்கிடுகிறது. ஒரு டோக்கனின் கணக்கு அதற்கு முன்னால் வந்தவற்றை மட்டுமே சார்ந்தது. ஆகவே தொடக்கப் பகுதி அப்படியே இருந்தால், போட்ட கணக்கை எடுத்து வைத்து அடுத்த முறையும் பயன்படுத்தலாம். இதுதான் ப்ராம்ப்ட் கேஷிங். ப்ராம்ப்ட் என்பது மாதிரிக்கு அனுப்பும் உரை; இப்படி எடுத்து வைத்த கணக்கையே 'சேமிப்பு' அல்லது 'கேஷ்' என்கிறேன். நடுவில் ஒரு டோக்கன் மாறினால், அந்த இடத்திலிருந்து கடைசிவரை எல்லாவற்றையும் புதிதாகக் கணக்கிட வேண்டும். இந்த விதியை நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஆந்த்ரோபிக் நிறுவனம் தன் கிளாட் மாதிரிகளுக்கு இந்த வசதியை 2024 ஆகஸ்டில் தந்தது. அங்கே முதலில் கருவிகள், அடுத்து சிஸ்டம் ப்ராம்ப்ட் (மாதிரி எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்ற அறிவுரை), பிறகு உரையாடல் என்று கோரிக்கை அடுக்கப்படும். கடைசிக் கருவியில் 'கேஷ் கன்ட்ரோல்' என்ற குறியை வைத்தால் பட்டியல் முழுவதும் சேமிப்பில் ஏறும். ஓப்பன்ஏஐயில் 2024 அக்டோபரில் வந்த வசதிக்குக் குறியே தேவைப்படவில்லை. ப்ராம்ப்ட் 1,024 டோக்கனை எட்டினால் தானாகவே நடந்தது.

[திரை: கணக்கு]

கிளாடில் ஐந்து நிமிடச் சேமிப்புக்கு எழுதும் விலை வழக்கமான உள்ளீட்டு விலையைப் போல் 1.25 மடங்கு, திரும்பப் படிக்கும் விலை பத்தில் ஒரு பங்கு. நம் பட்டியலுக்கு முதல் சுற்றில் 12,500 டோக்கனுக்கான விலை, மற்ற 19 சுற்றுகளுக்கும் சேர்த்து 19,000. ஆக 31,500. இரண்டு லட்சத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்! இரண்டாவது அழைப்பிலேயே லாபம் தொடங்கிவிடுகிறது.

ஆனால் கடைசியாகப் பயன்படுத்திய பிறகு ஐந்து நிமிடம் சும்மா விட்டால் சேமிப்பு காலாவதியாகிவிடும். ஒவ்வொரு படியிலும் மனிதர் ஒருவரின் ஒப்புதலுக்காகப் பத்து நிமிடம் காத்திருக்கும் முகவர் என்றால், இருபது முறையும் எழுதும் விலைதான்: 2,50,000. கேஷ் இல்லாததைவிட அதிகம். அப்படிப்பட்ட வேலைக்கு எழுதும் விலை இரு மடங்கான ஒரு மணி நேரச் சேமிப்பைத் தேர்ந்தெடுங்கள்.

[திரை: இரண்டு பட்டியல்கள் அருகருகே, ஒரு வரி சிவப்பாகிறது]

சேமிப்பு எதனால் உடைகிறது? கருவி விளக்கத்துக்குள் யாரோ இன்றைய தேதியையும் நேரத்தையும் சேர்த்திருப்பார்கள். அது ஒவ்வொரு அழைப்பிலும் மாறும். இன்னொரு காரணம் கண்ணுக்கே தெரியாது: கோ என்ற நிரலாக்க மொழியில் ஒரு மேப்பிலிருந்து (பெயரை வைத்து மதிப்பைத் தேடும் தரவு அமைப்பு) கருவிகளை எடுத்து அடுக்கினால் வரிசை ஒவ்வொரு முறையும் வேறாக வரலாம். கருவிகள் அதே கருவிகள்தாம், வரிசைதான் வேறு, சேமிப்பு போயிற்று. பெயர் வாரியாக வரிசைப்படுத்திவிட்டு அனுப்புங்கள்.

மூன்றாவது, நல்லெண்ணத்தோடு செய்யப்படுவது. "இந்தச் சுற்றுக்கு இந்தக் கருவி வேண்டாமே" என்று அதைப் பட்டியலிலிருந்து நீக்கிச் சிக்கனம் செய்வார்கள். பட்டியல் எல்லாவற்றுக்கும் முன்னால் இருப்பதால் சிஸ்டம் ப்ராம்ப்ட், உரையாடல் உட்பட அனைத்துக்கும் புதுக் கணக்கு. இருநூறு டோக்கனை மிச்சப்படுத்தப் போய் இருபதாயிரத்துக்கு முழு விலை கொடுக்க நேரிடும். வேலை முடியும்வரை பட்டியலைத் தொடாமல் இருப்பதே என் பரிந்துரை.

[திரை: ஒரு பெட்டி, பாதிக்கு மேல் கருவி விளக்கங்கள்]

கேஷ் விலையையும் காத்திருக்கும் நேரத்தையும் குறைக்கும். டோக்கன் எண்ணிக்கையை அது குறைப்பதில்லை. சேமித்த பட்டியலும் மாதிரியின் சூழல் சாளரத்தில் (ஒரே நேரத்தில் அது படிக்கக்கூடிய உரையின் அளவு) அதே இடத்தை அடைத்துக்கொண்டுதான் இருக்கும். ஒன்றுபோல் ஒலிக்கும் ஐம்பது கருவிகள் இருந்தால் மாதிரி தவறானதைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பும் அப்படியே இருக்கும். தேவையில்லாத கருவிகளைத் தொடங்கும் முன்பே வெட்டிவிடுங்கள். விளக்கங்களைத் தமிழில் எழுதுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: அதே பொருளைச் சொல்லத் தமிழுக்குப் பொதுவாக ஆங்கிலத்தைவிட அதிக டோக்கன் செலவாகும்.

[திரை: பதிலோடு வரும் பயன்பாட்டுக் கணக்கு]

இன்றே சோதித்துப் பாருங்கள். ஒரே பட்டியலோடு, ஐந்து நிமிடத்துக்குள் இரண்டு அழைப்புகள். கிளாடின் பதிலில் 'கேஷ் ரீட் இன்புட் டோக்கன்ஸ்' என்ற எண் வரும். இரண்டாவது முறையும் அது பூஜ்யமாக இருந்தால், பட்டியல் குறைந்தபட்ச அளவைவிடச் சிறியதா என்று முதலில் பாருங்கள். சிறியதென்றால் பிழைச்செய்தி எதுவும் வராது, சேமிப்பும் நடக்காது. அளவு சரியென்றால், அனுப்பிய இரண்டு கோரிக்கைகளையும் கோப்பில் எழுதி வரிக்கு வரி ஒப்பிடுங்கள். முதல் வேறுபாடு எந்த வரியில் இருக்கிறதோ, அங்கேதான் சேமிப்பு உடைகிறது.