பகிர்ந்தால் குறையாது என்ற ஷாங்காய்க்காரர்

வணக்கம் நேயர்களே. ஷாங்காயைச் சேர்ந்த ஐசக் மாவோ பற்றி இன்றைக்குக் கொஞ்சம் பேசலாம் என்று இருக்கிறேன். தொழிலில் மென்பொருள் வடிவமைப்பாளர். சீனாவில் வலைப்பதிவு என்றால் என்னவென்றே பலருக்குத் தெரியாத 2002இல் எழுத ஆரம்பித்து, கூடவே சிஎன்பிளாக் என்ற தளத்தையும் நண்பர்களோடு சேர்ந்து தொடங்கினார்.

2008இல் 'ஷேரிசம்', அதாவது பகிர்வுவாதம், என்று ஒரு கட்டுரை எழுதினார். மூளையில் நரம்பணுக்கள் ஒன்றுக்கொன்று சேதி கடத்துவதால்தானே நமக்கு யோசனையே வருகிறது, அப்படியிருக்க மனிதர்கள் மட்டும் ஏன் தெரிந்ததைப் பூட்டி வைக்கிறோம் என்பது அவர் கேள்வி. எனக்கு இந்த நரம்பணு விஷயம் அவ்வளவாக ஒட்டவில்லை. மூளைக்குள் நடப்பது ஊருக்குள்ளும் நடக்கும் என்று யார் சொன்னது? ஆனால் அடுத்து அவர் சொல்வது உருப்படியானது. எல்லாவற்றையும் அள்ளிக் கொடுத்துவிடு என்று அவர் சொல்லவில்லை. முழுக்க என்னுடையது, முழுக்க ஊருடையது என்ற இரண்டுக்கும் நடுவில் நிறைய இடம் இருக்கிறது, எதை, எவ்வளவு, எந்த நிபந்தனையில் கொடுப்பது என்பதை எழுதியவரே தீர்மானிக்கலாம் என்கிறார். என் படைப்பை இன்ன நிபந்தனையில் யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று படைத்தவரே முன்கூட்டிச் சொல்லிவைக்கிற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் இருப்பதே அதற்குத்தானே.

சரி, பேசுவது சுலபம். 2005இல் சீன அரசு, சொந்தமாகத் தளம் வைத்திருப்பவர்கள் எல்லாரும் ஜூன் மாதத்துக்குள் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று உத்தரவு போட்டது. பலருக்குப் பயம். அப்போது மாவோ ஒரு ஏற்பாடு செய்தார்: வெளிநாட்டில் சர்வர் வைத்திருப்பவர்கள் அதில் மிச்சமிருக்கிற இடத்தை ஒரு சீனப் பதிவருக்குக் கொடுக்கட்டும், தத்தெடுப்பது மாதிரி. கட்டுரையை விட இதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது, ஏனென்றால் எழுதுகிறவனுக்கு மனசு இருந்தால் போதாது, எழுதியது தங்குவதற்கு ஒரு இடம் வேண்டும், அந்த இடத்தின் சுவிட்ச் யார் கையில் இருக்கிறது என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது.

அதே ஆண்டு நவம்பரில் ஷாங்காயில் பதிவர்களின் முதல் மாநாடு. அப்புறம் ஹாங்சோ, பெய்ஜிங், குவாங்சோ என்று வருஷத்துக்கு ஒரு ஊர். இடையில் கூகுளுக்கும் ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். 2006இல் அவர்கள் தணிக்கைக்கு ஒத்துக்கொண்டு சீனாவுக்கென்று தனித் தேடுபொறி தொடங்கியிருந்தார்கள் அல்லவா, அதற்குத்தான்.

2010இல் மறுபடி ஷாங்காயில் கூடுவதாக இருந்தது. அதிகாரிகளின் நெருக்கடியில் அது ரத்தானது. அதற்குள் பதிவர்கள் பலரும் வெய்போ என்ற, ட்விட்டர் மாதிரியான சீனத் தளத்தின் பக்கம் நகர்ந்துவிட்டார்கள். அங்கே ஒரு பொத்தானைத் தட்டினால் லட்சம் பேருக்குப் போகும், ஆனால் காலையில் போட்டது சாயங்காலம் இருக்குமா என்று போட்டவருக்கே தெரியாது. மாவோ கேட்ட பகிர்வு இதுதானா என்றால், பாதிதான் என்பேன்.