வடையின் ஓட்டை போல ஓர் ஊர்

நேயர்களுக்கு வணக்கம். வேல்ஸ் என்றதும் பலருக்கும் கோட்டைகளும் நிலக்கரியும்தான் நினைவுக்கு வரும். நான் பேசவந்தது சிலேட்டைப் பற்றி, அதிலும் ப்ளைனாய் ஃபெஸ்டினியோக் என்ற ஒரு சின்ன ஊரைப் பற்றி.

1951-இல் வடக்கு வேல்ஸின் மலைப்பகுதியை ஸ்னோடோனியா தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். வரைபடத்தை எடுத்துப் பார்த்தால், மெதுவடைக்கு நடுவில் இருப்பதுபோல ஓர் ஓட்டை தெரியும். அந்த ஓட்டைதான் இந்த ஊர். சுற்றியுள்ள மலையெல்லாம் பூங்கா, ஊர் மட்டும் வெளியே! எல்லாம் கல் கழிவு செய்த வேலை. ஒரு டன் நல்ல சிலேட்டு கிடைக்கப் பத்து டன் வரை வீணாகும். அதைக் கொட்டிக் கொட்டியே வீடுகளுக்குப் பின்னால் சாம்பல் நிறக் குன்றுகள் எழுந்துவிட்டன.

சிலேட்டு என்றால் நமக்குப் பலப்பமும் எச்சில் தொட்டு அழித்ததும் ஞாபகம் வரும். அங்கே அது கூரை ஓடு. உளியை வைத்துத் தட்டினால் கல் ஏடு ஏடாகப் பிரியும். ஓட்டின் அளவுகளுக்கு வைத்த பெயர்கள் வேடிக்கையானவை. பெரியது டச்சஸ், அதைவிடச் சிறியது கவுண்டஸ், இன்னும் சிறியது லேடி. எல்லாம் பிரபு வீட்டுப் பெண்களின் பட்டங்கள். பிளந்தவர்களோ கூலிக்காரர்கள். ஆனால் அந்தக் கூலிக்காரர்கள் சாப்பாட்டு வேளையில் 'கபன்' என்ற குடிசையில் கூடி அரசியலும் மதமும் விவாதிப்பார்கள், பாட்டுப் போட்டி நடத்துவார்கள்.

வெட்டிய கல்லைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோக 1836-இல் இரண்டடிக்குச் சற்றுக் குறைவான அகலத்தில் ஒரு தண்டவாளம் போட்டார்கள். அதில் இன்ஜின் கிடையாது. ஊர் மேட்டிலும் துறைமுகம் பள்ளத்திலும் இருந்ததால் சரக்கு வண்டிகள் தாமாகவே உருண்டு இறங்கின. திரும்பி வரும்போது காலி வண்டிகளைக் குதிரைகள் இழுத்தன. கீழே போகும்போது குதிரைக்கு வேலை இல்லையே? அதற்கும் தனியாக ஒரு வண்டி இருந்தது. ஏறி நின்று சொகுசாகப் பயணம் செய்யும்! நீராவி இன்ஜின் வந்தது 1863-இல்தான். இவ்வளவு குறுகிய பாதையில் இன்ஜின் ஓடுமா என்று சந்தேகப்பட்டவர்களுக்கு அது பதிலாக அமைந்தது. டார்ஜிலிங் மலை ரயிலும் பின்னாளில் இரண்டடிப் பாதையிலேயே போடப்பட்டது.

இரண்டாம் உலகப் போரில் லண்டனின் தேசிய ஓவியக் காட்சியகம் தன் ஓவியங்களை இந்த ஊரை ஒட்டிய மானோட் சுரங்கத்தில்தான் பத்திரப்படுத்தியது. ஒரு பெரிய ஓவியம் ரயில் பாலத்துக்கு அடியில் நுழையவில்லை என்பதற்காகச் சாலையையே தோண்டித் தாழ்த்தினார்கள்.

அப்புறம் தொழில் சரிந்தது. 1946-இல் ரயிலும் நின்றது. 1950-களில் தன்னார்வலர்கள் அதைத் தூசு தட்டி ஓட வைத்தார்கள். அதற்குள் மின்நிலையத்துக்காகக் கட்டிய நீர்த்தேக்கத்தில் பாதையின் ஒரு பகுதி மூழ்கிவிட்டது. அவர்கள் விடவில்லை. மலையைச் சுற்றி வளைவாகப் புதுப்பாதை அமைத்து, ஒரு சுரங்கமும் குடைந்து, 1982-இல் ரயிலை மீண்டும் ஊருக்குள் கொண்டுவந்தார்கள். இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

இன்றைக்குச் சுரங்கக் குகைக்குள் வலை கட்டிக் குதித்து விளையாடுகிறார்கள். கல் கழிவுச் சரிவில் சைக்கிள் பாதை இருக்கிறது. அதை நடத்துவது ஊர்க்காரர்களே தொடங்கிய ஆன்டுர் ஸ்டினியோக் என்ற சமூக நிறுவனம். பழைய போலீஸ் ஸ்டேஷனில் சினிமா ஓடுகிறது. டிக்கெட் கொடுப்பவரும் காபி கொடுப்பவரும் தங்களுக்குள் வெல்ஷ் மொழியில் பேசிக்கொண்டால் ஆச்சரியப்பட வேண்டாம், ஊரில் பெரும்பாலோருக்கு அதுதான் பேச்சுமொழி.

2021-இல் வடமேற்கு வேல்ஸின் சிலேட்டு நிலக்காட்சியை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அசிங்கம் என்று அன்று ஒதுக்கிய சிலேட்டு நிலம்தான் அது, ஃபெஸ்டினியோக்கும் அதில் சேர்த்தி. பூங்காவின் எல்லையை மட்டும் யாரும் மாற்றவில்லை. வரைபடத்தில் அந்த ஓட்டை இன்னும் அப்படியே இருக்கிறது.

வணக்கம்.