பயம் வந்தால் விசுவாசம் இல்லை என்று அர்த்தமா?

கடலூர் தேவனாம்பட்டினத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்கள். 2004 சுனாமியில் அக்காவைப் பறிகொடுத்தவர்கள். கணவர் கடல் தொழிலுக்குப் போகிறவர். "துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினாலே கைகால் நடுங்குகிறது பாஸ்டர், ராத்திரி தூக்கமே இல்லை. ஜெபக் கூட்டத்தில் சொன்னால், விசுவாசம் இருந்தால் பயம் வராது என்கிறார்கள். நான் பாவம் செய்கிறேனா?" இதுதான் கேள்வி.

இல்லை சகோதரி, பாவம் இல்லை. டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தக் கரையில் என்ன நடந்தது என்று நமக்குத் தெரியும். ஏழு வருஷம் கழித்து 'தானே' என்ற புயலும் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில்தான் கரையேறியது. இதையெல்லாம் பார்த்தவர்களுக்குக் கூண்டைக் கண்டால் நடுக்கம் வரத்தான் செய்யும்.

சங்கீதம் 56, 3-ஆம் வசனம் பாருங்கள். "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்." பயமே இல்லாத நாளில் என்று தாவீது சொல்லவில்லை. இந்தச் சங்கீதத்தின் தலைப்பிலேயே, அவன் காத் ஊரில் எதிரிகளான பெலிஸ்தரிடம் பிடிபட்டபோது பாடியது என்று இருக்கிறது. 1 சாமுவேல் 21-இல் அந்தக் காத் ஊரின் ஆகீஸ் ராஜாவுக்கு மிகவும் பயந்து, பைத்தியக்காரனைப் போல நடித்துத்தான் தப்பிக்கிறான். கோலியாத்தை வீழ்த்தியவன் அவன்! பயமும் நம்பிக்கையும் ஒரே ஆளிடம், ஒரே வசனத்தில் இருக்கின்றன.

"அன்பிலே பயமில்லை" என்ற வசனத்தை உங்களிடம் காட்டுவார்கள். 1 யோவான் 4-இல் அதற்கு முந்தின வசனத்தையும் சேர்த்துப் படியுங்கள். அங்கே பேசுவது நியாயத்தீர்ப்பு நாளைப் பற்றி, புயலைப் பற்றி அல்ல.

அப்புறம், மாற்கு 4. இயேசுவும் சீஷர்களும் படகில் போகும்போது பெரிய புயல் அடிக்கிறது. அந்தப் படகில் இருந்தவர்களில் பேதுரு, அந்திரேயா, யாக்கோபு, யோவான் எல்லாரும் மீனவர்கள். தண்ணீர் தெரிந்தவர்களே அலறினார்கள். இயேசு படகின் பின்பக்கத்தில் தலையணை வைத்துத் தூங்குகிறார். "நாங்கள் மடிந்துபோகிறது உமக்குக் கவலையில்லையா" என்று எழுப்புகிறார்கள். ஜெபம் மாதிரியா இருக்கிறது? சண்டை மாதிரி இருக்கிறது. ஆனாலும் சரியான ஆளைத்தான் எழுப்பினார்கள். "ஏன் உங்களுக்கு விசுவாசம் இல்லாமற்போயிற்று" என்று அவர் கேட்டது உண்மைதான். ஆனால் மாற்கு எழுதியிருக்கிற வரிசையில், முதலில் காற்றை அதட்டி அமைதியாக்கினார், அதற்கப்புறம்தான் கேட்டார். பயந்தவர்களைக் கடலில் விட்டுவிட்டுக் கணக்குக் கேட்கவில்லை. நம்புவது என்று நான் சொல்வது இதைத்தான் சகோதரி: நடுங்குகிற கையாலேயே அவரைத் தட்டி எழுப்புவது.

இன்னொன்று. கூண்டு ஏற்றியிருக்கும்போது உங்கள் கணவர் கடலுக்குப் போகாமல் இருப்பது அவிசுவாசம் இல்லை. யாராவது அப்படிச் சொன்னால் கேட்காதீர்கள். தூக்கம் இல்லாமல் பல நாள் போனால் டாக்டரையும் பாருங்கள், புதுச்சேரி ஜிப்மரில் மனநலப் பிரிவு இருக்கிறது. மருந்து சாப்பிட்டுக்கொண்டே ஜெபிக்கலாம்.

அடுத்த முறை கூண்டு ஏற்றும் ராத்திரி தனியாகப் படுத்து நடுங்க வேண்டாம். கணவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, அக்காவின் பேரைச் சொல்லியே அழுது ஜெபியுங்கள். சங்கீதம் 56-இன் அந்த ஒரு வசனத்தைச் சத்தமாகப் படியுங்கள். தூக்கம் வராவிட்டாலும் பரவாயில்லை, திரும்பவும் படியுங்கள்.